இசிஎம் மாற்றும் முன் அந்த 5 வோல்ட்டைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: அண்ணே, நான் திருவட்டார் பக்கம். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு 20 டன் எக்ஸ்கவேட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீட்டரில் 9,000 மணி சொச்சம். முதலில் பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்தில் மரம் பிடுங்கி நிலம் ஒதுக்கும் வேலை, அப்புறம் ஒரு மாதம் தேங்காப்பட்டணம் பக்கம் கடலோரத்தில் பாறாங்கல் அடுக்கும் வேலை. அது முடிந்து வந்ததிலிருந்து வேலை நடுவில் திடீரென்று என்ஜின் லைட் எரிந்து பவர் விழுந்துவிடுகிறது. சாவியை ஆஃப் செய்து போட்டால் சரியாகிவிடும், அரை மணியோ அரை நாளோ கழித்து மறுபடி வரும். பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டி அடிக்கும்போது அதிகம். மானிட்டரில் எஸ்பிஎன் 157, 102, 100 மூன்றும் எஃப்எம்ஐ 4 என்று ஒன்றாக வருகிறது, சில நேரம் 3509-ம் கூட. மெக்கானிக் ரெயில் பிரஷர் சென்சார் மாற்றினார், பிறகு பூஸ்ட் சென்சார் மாற்றினார், தீரவில்லை. இப்போது இசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விட்டது, பழசு ஒன்று ஒன்றேகால் லட்சத்துக்குக் கிடைக்கும் என்கிறார். மாற்றலாமா? இன்னொன்று, என் மச்சான் ஒரு பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறார். வாங்கும் முன் சென்சார் கோளாறு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

தம்பி, மாற்ற வேண்டாம். குறைந்தது இப்போதைக்கு வேண்டாம். ஒன்றேகால் லட்சத்தை எண்ணி வைப்பதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரும் வண்டி சும்மா நிற்கிற ஒரு காலைப் பொழுதும் ஒதுக்குங்கள், போதும்.

விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, ஆனால் "சில நேரம் 3509-ம் கூட" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது. எஸ்பிஎன் என்பது கோளாறு எந்த இடத்தில் என்று சொல்லும் எண். எஃப்எம்ஐ என்பது அந்த இடத்தில் என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும் எண். இவை ஜே1939 என்ற பொது முறையில் வருகிறவை, அதனால் கம்பெனி மாறினாலும் அர்த்தம் பெரும்பாலும் மாறாது. 157 என்றால் காமன் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயில், இருக்கிற டீசல் பிரஷர். 102 இன்டேக் மேனிஃபோல்டு பிரஷர், அதாவது என்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தம், பூஸ்ட் என்கிறோமே அதுதான். 100 என்ஜின் ஆயில் பிரஷர். 3509 மட்டும் சென்சாரே கிடையாது, இசிஎம்மிலிருந்து சென்சார்களுக்குப் போகிற 5 வோல்ட் சப்ளை லைன் அது. எஃப்எம்ஐ 4 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது, அல்லது அந்த வயர் எர்த்தில் தட்டிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது சேர்த்துப் படியுங்கள். ரெயில், பூஸ்ட், ஆயில் என்று மூன்று பிரஷர் சென்சாருக்கும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் விழுகிறது, சப்ளை லைனுக்கும் விழுகிறது. பல என்ஜின்களில் இந்த மாதிரி சென்சார்கள் ஒரே 5 வோல்ட் லைனைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கிற மூன்று வீட்டில் ஒரே நேரத்தில் கரண்ட் போனால் யாராவது மூன்று வீட்டு மீட்டரையும் மாற்றுவார்களா? உங்கள் வண்டியில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு மாற்றியாயிற்று, மூன்றாவதை விட்டுவிட்டு நேராக இசிஎம்முக்குப் போயாயிற்று.

எஃப்எம்ஐ எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம பக்கத்தில் எஸ்பிஎன்னை மட்டும் பார்த்துவிட்டு எஃப்எம்ஐயைப் பார்க்காமல் பார்ட்ஸ் கடைக்குப் போகிற பழக்கம் நிறைய இருக்கிறது. 3 என்றால் வோல்டேஜ் மேலே, 4 கீழே, 5 வயர் அறுந்த மாதிரி கரண்ட் குறைவு, 6 கரண்ட் அதிகம். இந்த நாலும் கரண்ட் சம்பந்தப்பட்ட கோளாறு: சென்சார், கப்ளர் (வயரை மாட்டுகிற பிளக்), வயர், சப்ளை, எர்த். 2 என்றால் அளவு நிலையில்லாமல் குதிக்கிறது, பெரும்பாலும் லூஸ் பின். 0, 1, அப்புறம் 15 முதல் 18 வரை வருவது முற்றிலும் வேறு. அங்கே சென்சார் சரியாகத்தான் இருக்கிறது, அது காட்டுகிற அளவுதான் மோசம். 157-க்கு 4 வந்தால் வயரைப் பாருங்கள். அதே 157-க்கு 1 அல்லது 18 வந்தால் நிஜமாகவே ரெயிலில் பிரஷர் ஏறவில்லை; ஃபில்டர் அடைப்பு, சக்ஷன் லைனில் காற்று, தேய்ந்த பம்ப், திரும்பி ஒழுகும் இன்ஜெக்டர் என்று டீசல் பக்கம்தான் தேட வேண்டும், அங்கே பத்து சென்சார் மாற்றினாலும் லைட் அணையாது. நம்ம ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சைட்டில் பேரலில் டீசல் வைத்து கையால் ஊற்றுகிறவர்களுக்கு டீசலில் தண்ணீர் கலந்து இந்த இரண்டாவது வகைதான் அதிகம் வரும்.

100-க்கு 1 வந்தால் மட்டும் விளையாடக்கூடாது. என்ஜினை உடனே நிறுத்திவிட்டு, சென்சார் இருக்கிற இடத்தில் ஒரு சாதாரண ஆயில் பிரஷர் கேஜை மாட்டி ஸ்டார்ட் செய்து, நிஜமாகவே பிரஷர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சென்சாரைக் குறை சொல்ல வேண்டும். "சென்சார் கம்ப்ளெயின்ட்தான், ஓட்டுங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு கிராங்க் பிடித்துப்போன வண்டிகள் உண்டு.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். மெக்கானிக் அண்ணாச்சியோடு சண்டை போட வேண்டாம், அவர் ஏமாற்றுகிறார் என்றும் நான் சொல்லவில்லை. மெக்கானிக்கல் பம்ப் காலத்தில் கை பழகியவர்கள் பலருக்கு "மாற்றிப் பார்ப்போம்" என்பதுதான் தெரிந்த வழி, அப்போது அது சரியாகவும் இருந்தது. அவரையும் கூட வைத்துக்கொண்டே பாருங்கள்.

என்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன். ரெயில் பிரஷர் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். அதில் மூன்று பின் இருக்கும்: 5 வோல்ட், சிக்னல், சென்சார் எர்த். மீட்டரின் கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு பின்னிலும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் 5 வோல்ட், கொஞ்சம் முன்னே பின்னே, வர வேண்டும். எர்த் பின்னில் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். சிக்னல் பின்னில் என்ன வரும் என்பது இசிஎம்மைப் பொறுத்தது, அதை இப்போது விடுங்கள். பிறகு கப்ளரை மாட்டிவிட்டு, பின்பக்கமாக மெல்லிய குண்டூசி ஒன்றை வயரை ஒட்டி உள்ளே நுழைத்து சிக்னலைப் பாருங்கள். பிரஷரே இல்லாத நிலையில் இந்த வகை சென்சார் ஏறக்குறைய அரை வோல்ட் காட்டும். ஒரு விஷயம், தயவுசெய்து வயரின் மேல் தோலைக் குத்தி டெஸ்ட் செய்யாதீர்கள். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊரில் அது ஒரு சின்னத் துளை. தேங்காப்பட்டணத்திலும் முட்டத்திலும் வேலை செய்கிற வண்டிக்கு அந்தத் துளை வழியாக உப்புத் தண்ணீர் ஏறி, ஆறு மாதத்தில் செம்பு பச்சைப் பொடியாகிவிடும்.

5 வோல்ட் குறைவாக வந்தால், அதாவது ஒன்று, இரண்டு, பூஜ்யம் என்று, அப்போது மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு அடுத்த சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். பூஸ்ட், ஆயில், அந்த லைனில் வேறு எது இருந்தாலும் அதுவும். எதைக் கழற்றியவுடன் மீட்டர் டக்கென்று 5-க்குத் திரும்புகிறதோ அந்தச் சென்சார்தான் உள்ளே ஷார்ட் ஆகி மற்றவர்களையும் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. கழற்றுகிறபோது மானிட்டரில் புதுசு புதுசாகக் கோடு (எரர் கோட்) வரும், பயப்பட வேண்டாம், பிறகு அழித்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியில் இன்னும் மாற்றாமல் இருப்பது ஆயில் பிரஷர் சென்சார். அதன் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஆயில் ஈரம் இருந்தால் அந்தச் சென்சார் உள்ளே உடைந்து ஆயிலைக் கக்குகிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஆயில் வயருக்குள்ளேயே ஏறிப் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் கோளாறு வந்து வந்து போகிற ரகம். நீங்கள் மீட்டரை வைக்கிற நேரத்தில் எல்லாம் அழகாக 5 வோல்ட் காட்டும், அதைப் பார்த்துவிட்டு "சப்ளை நல்லா இருக்கு, அப்ப இசிஎம்தான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கோளாறு இருக்கிற நேரத்தில் அளந்தால்தான் அளவு. அதனால் இரண்டு நீளமான வயரை எடுத்து, ஒன்றை அந்த 5 வோல்ட் பின்னிலும் இன்னொன்றை சென்சார் எர்த்திலும் பின்பக்கமாகச் சொருகி, ஃபேனிலும் பெல்ட்டிலும் டர்போவிலும் படாமல் கட்டி, கேபினுக்குள் கொண்டுபோய் மீட்டரில் மாட்டுங்கள். மின்-மேக்ஸ் பட்டன் இருக்கிற மீட்டராக இருந்தால் நல்லது, குறைந்தபட்ச அளவை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் பிரேக்கர் மாட்டி ஆபரேட்டரை வேலை செய்யச் சொல்லுங்கள். லைட் எரிகிற அந்த நொடியில் மீட்டர் கீழே விழுந்தால், கதை முடிந்தது, லைன்தான். வேலை நடக்கும்போது யாரும் என்ஜின் பக்கமோ வண்டி சுற்றுகிற வட்டத்துக்குள்ளோ நிற்கக்கூடாது, இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

மெதுவாகச் செய்ய வேண்டுமானால் இன்னொரு வழி: ஐடிலில் விட்டுவிட்டு ஹார்னஸை, அந்த மொத்த வயர்க் கட்டை, ஒரு முனையிலிருந்து ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். கப்ளரை இழுக்க வேண்டாம், லேசாக மேலே கீழே, இடது வலது. கை எங்கே இருக்கும்போது ஐடில் மாறுகிறதோ, மானிட்டர் கத்துகிறதோ, அங்கே டேப்பைப் பிரியுங்கள்.

பந்தயம் கட்டச் சொன்னால் நான் வயரிங் மேல்தான் கட்டுவேன். காரணம் இரண்டு. பிரேக்கர் அடிக்கும்போது அதிகம் என்கிறீர்கள். அது அதிர்வில் எங்கோ வயர் இரும்பில் உரசுகிறது என்பதைக் காட்டுகிறது. கடல் வேலைக்குப் பிறகு வந்தது என்கிறீர்கள். பாறாங்கல்லைத் தூக்கிப் போடுகிற அதிர்வில் பழைய கிளாம்ப் விட்டிருக்கும், உப்புக் காற்று மீதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஹார்னஸ் என்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்குத் தாவுகிற இடம், ஏதாவது பிராக்கெட்டின் ஓரத்தில் வளைந்து போகிற இடம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே, டர்போ சூட்டுக்குப் பக்கத்தில், ஃபில்டர் மாற்றும்போது கை போய்ப் போய் வருகிற இடம். பிளாஸ்டிக் உறை வெளியில் நன்றாகத்தான் தெரியும். உள்பக்கம், பிராக்கெட்டைப் பார்த்த பக்கம், விரலை விட்டுத் தடவினால்தான் ஒரு பள்ளம் தட்டுப்படும், அந்தப் பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரே ஒரு வயரில் கடுகளவு செம்பு பளபளவென்று மின்னும். சும்மா நிற்கும்போது அது எதிலும் தொடாது. ரப்பர் தோட்டத்தில் நிறுத்துகிற வண்டி என்றால் எலி கடித்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிடைத்துவிட்டால் சும்மா முறுக்கி டேப் சுற்றிவிட்டு வராதீர்கள், அடுத்த மழையில் திரும்பி வரும். கெட்ட துண்டை வெட்டி எறிந்து, செம்பு பளிச்சென்று தெரிகிற வரை பின்னால் போய், அதே கனத்தில் வயர் சேர்த்து, பற்ற வைத்து, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டுச் சுருக்குங்கள். பச்சை பூத்த பின்னை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் மேல் பூச்சு போய் சீக்கிரம் மறுபடி பூக்கும், பின்னையே மாற்றுவது நல்லது. கப்ளரின் ரப்பர் சீல் இருக்கிறதா பாருங்கள், பாதி வண்டிகளில் அது காணாமல் போயிருக்கும். முடிந்ததும் ஹார்னஸை அந்தப் பிராக்கெட்டிலிருந்து விலக்கி கிளாம்ப் போடுங்கள்.

இசிஎம் எப்போதுமே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. எல்லா சென்சார் கப்ளரும் கழற்றியாயிற்று, 5 வோல்ட் இன்னும் வரவில்லை. பேட்டரியைக் கழற்றி, இசிஎம் பக்கக் கப்ளரையும் கழற்றி, அந்த 5 வோல்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பார்த்தாயிற்று, ஷார்ட் இல்லை. இசிஎம்முக்கு வருகிற பேட்டரி சப்ளையும் எர்த்தும் லோடில் நிற்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகும் இசிஎம்மின் பின்னிலேயே 5 வோல்ட் இல்லை என்றால், அப்போது சந்தேகப்படலாம். லோடில் என்று சொன்னதைக் கவனியுங்கள். ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கிற வயர்கூட மீட்டரில் 24 வோல்ட் காட்டும். அந்த சப்ளைக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு 24 வோல்ட் இண்டிகேட்டர் பல்பை வைத்துப் பாருங்கள், முழு வெளிச்சத்தில் எரிந்தால்தான் லைன் உயிரோடு இருக்கிறது. இசிஎம் போவதற்கு நம்ம சைட்டுகளில் நான் பார்க்கிற பெரிய காரணம் வெல்டிங். பக்கெட் பல்லு வெல்டிங் என்று ஆளைக் கூப்பிடுவார்கள், பேட்டரி கழற்றியிருக்காது, இசிஎம் கப்ளரும் மாட்டியிருக்கும், எர்த் கிளாம்ப் டிராக்கில் எங்கோ இருக்கும், கரண்ட் வண்டி முழுக்கச் சுற்றி வரும். உங்கள் வண்டிக்கு அந்தக் கடல் வேலையில் வெல்டிங் நடந்ததா என்று ஆபரேட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பழைய இசிஎம் வாங்கி மாட்டுவதில் இன்னொரு சிக்கல். அது வெறும் பெட்டி இல்லை, உள்ளே அந்த என்ஜினுக்கான புரோகிராம் இருக்கிறது. காமன் ரெயில் இன்ஜெக்டர்கள் பலவற்றில் மேலே ஒரு கோட் எண் அடித்திருப்பார்கள், ஒவ்வொரு இன்ஜெக்டரின் எண்ணும் இசிஎம்மில் ஏற்றப்பட்டிருக்கும். வேறு வண்டியின் பெட்டியை அப்படியே மாட்டினால் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம், ஸ்டார்ட் ஆனாலும் ஐடில் ஆடும், புகை வரும், பவர் மாறும். அதைச் சரி செய்ய லேப்டாப்போடு ஒரு ஆள் வர வேண்டும், அது தனிச் செலவு. இதையெல்லாம் ஒன்றேகால் லட்சத்தில் சேர்த்தார்களா என்று கேட்டீர்களா?

புதிதாக மாற்றிய இரண்டு சென்சாரையும் ஒருமுறை பாருங்கள். கப்ளரும் மரையும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே அளவு வேறாக இருக்கும் சென்சார்கள் சந்தையில் உண்டு. ரெயில் சென்சாரில் 1,800 பார் பிரஷருக்கு உள்ளது, 2,000 பாருக்கு உள்ளது என்று. மாற்றிப் போட்டால் கோடு வராது, ஆனால் இசிஎம் தப்பான பிரஷரை நம்பிக்கொண்டு ஓடும். பழைய சென்சாரின் மேல் அடித்த பார்ட் நம்பரையும் புதியதின் நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: ரெயில், இன்ஜெக்டர் பைப் எதையும் என்ஜின் ஓடும்போது லூஸ் பண்ணாதீர்கள், ஆயிரம் பாருக்கு மேல் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கை போய்விடும். இன்ஜெக்டர் வயரில் மீட்டரும் வைக்காதீர்கள், அங்கே பேட்டரி வோல்டேஜைவிடப் பல மடங்கு வரும்.

இனி மச்சானின் வண்டி. விற்கிறவரிடம் போன் பண்ணி, "காலையில் ஏழு மணிக்கு வருவோம், நாங்கள் வருகிற வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதல் வேலை சைலென்சரைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் என்ன காரணம் சொன்னாலும் சரி, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜினில்தான் சென்சார்களின் பொய் தெரியும்.

சாவி ஆன், ஸ்டார்ட் வேண்டாம். முதலில் எல்லா வார்னிங் லைட்டும் ஒருமுறை எரிந்து அணைகிறதா? என்ஜின் லைட்டோ ஆயில் லைட்டோ எரியவே இல்லை என்றால் யாரோ பல்பை எடுத்திருக்கிறார்கள் அல்லது வயரை வெட்டியிருக்கிறார்கள், அங்கேயே பேரம் மாறிவிடுகிறது. அடுத்து மானிட்டரின் சர்வீஸ் மெனுவிலோ ஸ்கேனரிலோ அளவுகளைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட், இன்டேக் காற்று, டீசல், ஹைட்ராலிக் ஆயில் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். நாகர்கோவிலில் காலை ஏழு மணிக்கு அது 25, 27 என்று இருக்கும். மூன்று 26 காட்டி, கூலன்ட் மட்டும் 60 காட்டினால் அந்தச் சென்சாரிலோ லைனிலோ ஏதோ இருக்கிறது. மைனஸ் 40 காட்டினால் லைன் திறந்து கிடக்கிறது. ஆயில் பிரஷரும் ரெயில் பிரஷரும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இன்டேக் பிரஷர் பூஜ்யம் காட்டக்கூடாது, காற்று அழுத்தத்தைக் காட்ட வேண்டும், நம்ம கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் சுமார் (ஊட்டியில் பார்த்தால் 78 பக்கம் வரும், அது கோளாறு இல்லை). சில மானிட்டர் காற்று அழுத்தத்தைக் கழித்துவிட்டு பூஸ்டை மட்டும் காட்டும், அதில் பூஜ்யம்தான் சரி. ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட் இது, ஐந்தாறு சென்சாரை ஒரே பார்வையில் பார்த்துவிடலாம், ஆனாலும் வாங்க வருகிறவர்களில் அநேகம் பேர் நேராகப் போய் ஸ்டார்ட்டரைத்தான் திருகுகிறார்கள்.

பிறகு ஸ்டார்ட் பண்ணி சூடு ஏறுவதைக் கவனியுங்கள். கூலன்ட் அளவு படிப்படியாக ஏற வேண்டும். எவ்வளவு லோடு கொடுத்தாலும் 78-லேயே சிலை மாதிரி நின்றால், சென்சாருக்குப் பதிலாக யாரோ ஒரு ரெசிஸ்டரைப் பற்ற வைத்திருக்கலாம். ஓவர் ஹீட் ஆகிற வண்டியை விற்க இது பழைய வித்தை. கண்டுபிடிப்பது சுலபம். கூலன்ட் சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள், உடனே கோடு வர வேண்டும். கழற்றியும் மானிட்டர் ஒன்றும் சொல்லாமல் அதே 78-ஐக் காட்டினால், அந்தச் சென்சார் சும்மா அலங்காரத்துக்குத்தான் அங்கே மாட்டியிருக்கிறது. கையில் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அடித்து மானிட்டரோடு ஒப்பிடுங்கள், சில டிகிரி வித்தியாசம் இருக்கும், இருபது முப்பது இருக்கக்கூடாது. சென்சாரைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் கழற்றி சுடுதண்ணீரில் போட்டு ரெசிஸ்டன்ஸ் பாருங்கள்: பொதுவான வகைகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம், சூடு ஏற ஏற இறங்க வேண்டும். வண்டியின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

பழைய கோடுகளையும் பாருங்கள். பல வண்டிகளில் எத்தனையாவது மணியில் வந்தது என்பதும் பதிவாகியிருக்கும். 10,000 மணி ஓடிய வண்டியில் ஒரு கோடு கூட இல்லாமல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், நேற்று ராத்திரி அழித்திருப்பார்கள். அதனால் ஒரு மணி நேரமாவது லோடில் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இசிஎம் தனியாக ஒரு மணிக்கணக்கு வைத்திருக்கும், அதையும் மானிட்டரில் தெரிகிற மணியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஆயிரக்கணக்கில் தள்ளி இருந்தால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டிருக்கிறது. என்ஜின் பக்கம் கண்ணாடி மாதிரி வாட்டர் சர்வீஸ் பண்ணி வைத்திருந்தால் எனக்குப் பிடிக்காது. ஆயில் ஒழுகல் தெரியாமல் போகும், அதிக பிரஷரில் அடித்த தண்ணீர் கப்ளருக்குள் நின்று நீங்கள் வாங்கிப் போன இரண்டாவது வாரம் வேலையைக் காட்டும். ஹார்னஸில் கம்பெனி டேப்புக்கு நடுவில் புதிய கறுப்பு டேப் எங்கே சுற்றியிருக்கிறது என்று பாருங்கள், அந்த இடத்தில் பழைய கதை இருக்கிறது, விற்கிறவர் முன்னாலேயே பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

மச்சான் பார்த்திருப்பது டயர் வண்டி, பேக்ஹோ லோடர் என்றால், 2021 ஏப்ரல் 1-க்கு முந்தியதா பிந்தியதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று முதல்தான் டயரில் ஓடும் கட்டுமான வண்டிகளுக்கு சிஇவி 4 புகை விதி வந்தது. பிந்திய வண்டிகளில் புகை சம்பந்தப்பட்ட சென்சார்கள் கூடுதலாக இருக்கும், சர்வீஸ் ஆளும் ஸ்கேனரும் இல்லாமல் சமாளிக்க முடியாது, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

உங்கள் வண்டிக்கு முதலில் ஆயில் பிரஷர் சென்சார் கப்ளர், அப்புறம் ஹார்னஸ், அந்த வரிசையில் போங்கள். கழற்றிப் போட்ட பழைய ரெயில் சென்சாரையும் பூஸ்ட் சென்சாரையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கோளாறு லைனில் என்று தெரிந்தால் அந்த இரண்டும் நல்லவைதான், ஸ்பேராக வண்டியிலேயே கிடக்கட்டும். பிரேக்கர் ஓடும்போது 5 வோல்ட் எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள். இறங்கவே இல்லை, ஆனாலும் கோடு வருகிறது என்றால் சென்சார் எர்த் பக்கம் அளக்க வேண்டியிருக்கும், அதை எங்கே எப்படி என்று அப்போது சொல்கிறேன்.